இங்கிலாந்துக் கிராம ஆலயங்கள் குளிர்காலத்தில் காலியாகத்தான் கிடக்கின்றனவா?

கேள்வி: "இங்கிலாந்தில் ஆலயங்கள் எல்லாம் காலியாகிவிட்டன, விற்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். கிராமப்புற ஆங்கிலிக்கன் சபைகளில், அதுவும் கடுங்குளிரில், உண்மையில் ஆராதனை நடக்கிறதா? யாராவது வருகிறார்களா?"

நடக்கிறது, மக்களும் வருகிறார்கள். ஆனால் ஞாயிறு காலையில் ஆலயம் நிரம்பி, வெளியே பந்தல் போட்டு நாற்காலி வரிசை நீளும் நம் ஊர்க் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் உண்மை பிடிபடாது. நான் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். கணவரின் வேலை காரணமாக இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக்கில் ஒரு சின்னக் கிராமத்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். இந்தப் பக்கத்து ஆலயங்களில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். வடக்கே யார்க்‌ஷயர் மலைகளிலோ மேற்கே கார்ன்வாலிலோ சில வழக்கங்கள் வேறாக இருக்கலாம்.

நார்ஃபோக்கில் மட்டும் இடைக்காலத்து ஆலயங்கள் 650-க்கு மேல் இருக்கின்றன. கம்பளி வியாபாரத்தில் பணம் புரண்ட காலத்தில் ஊருக்கு ஊர் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். இங்கே நல்ல கட்டடக் கல் கிடையாது. வயலில் கிடைத்த சிக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புக் காரையில் பதித்தே கோபுரம் வரை எழுப்பியிருக்கிறார்கள். பிறகு வியாபாரம் நொடித்தது, வயல் வேலைக்கு இயந்திரம் வந்தது, மக்கள் நகரங்களுக்குப் போனார்கள். ஆலயங்கள் மட்டும் கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. இருநூறு பேர் வசிக்கும் ஊரில் ஐந்நூறு பேர் உட்காரும் ஆலயம் இருந்தால், ஊரே திரண்டு வந்தாலும் அது பாதிக்கு மேல் காலியாகத்தான் தெரியும். வெற்றுப் பெஞ்சுகளைப் படமெடுத்துப் போட்டு, 'அங்கே விசுவாசம் செத்துவிட்டது' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பெஞ்சுகளில் பல, நூறு ஆண்டுகளுக்கு முன்பும் வெறுமையாகத்தான் கிடந்திருக்கும்.

இத்தனை ஆலயங்களுக்கும் குருவானவர்களுக்கு எங்கே போவது? ஒரே குருவானவர் ஆறு, எட்டு, சில இடங்களில் பத்துக்கும் மேற்பட்ட ஆலயங்களைக் கவனித்துக்கொள்கிறார். ஒரு குருவானவர் பல ஊர்ச் சபைகளைப் பார்க்கும் நம் சேகர முறையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வோர் ஆலயத்திலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடந்தே தீர வேண்டும் என்று 1603-ஆம் ஆண்டிலிருந்து ஒரு திருச்சபை விதி இருந்தது. நடைமுறைக்கு ஒவ்வாததால் அதைத் திருச்சபையின் சட்டமியற்றும் மன்றமான பொதுச் சினாடு 2019-இல் தளர்த்தியது. இப்போது முறை வைத்துத்தான் நடக்கிறது. முதல் ஞாயிறு எங்கள் ஊரில் திருவிருந்து, அடுத்த ஞாயிறு பக்கத்து ஊரில், மூன்றாவது ஞாயிறு இன்னொரு இடத்தில். குருவானவர் வர முடியாத நாளில் உரிமம் பெற்ற சபையார் ஒருவர் காலை ஜெபத்தை நடத்துவார், அல்லது ஓய்வுபெற்ற குருவானவர் யாராவது காரை எடுத்துக்கொண்டு வருவார். இந்த ஓய்வுபெற்றவர்கள் இல்லையென்றால் நாட்டுப்புறச் சபைகள் பல என்றோ முடங்கியிருக்கும்.

உள்ளே இருக்கும் குளிரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அந்தத் தடித்த சுவர்கள் நவம்பரில் குளிரை வாங்கிக்கொண்டால் ஏப்ரல் வரை விடுவதில்லை. வெளியில் வெயில் அடிக்கும் நாளில்கூட உள்ளே போனால்தான் நடுக்கம் எடுக்கும். சங்கீதம் வாசிக்கும்போது ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஆவி எழும்பும். கோட்டு, கம்பளித் தொப்பி எதையும் யாரும் கழற்றுவதில்லை. முழங்கால்மேல் போர்த்திக்கொள்ளப் பின் பெஞ்சில் கம்பளிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். திருவிருந்தில் வெள்ளிப் பாத்திரத்தின் விளிம்பு உதட்டில் பட்டால் சுரீரென்று இருக்கும். பழைய எண்ணெய்க் கொதிகலன் பழுதானால் அதேபோல் இன்னொன்றை வாங்கி மாட்டிவிட முடியாது. 2030-க்குள் கரி உமிழ்வை நிகர பூஜ்யமாக்க வேண்டும் என்று சினாடு 2020-இல் தீர்மானித்தபின், அதற்கு மறைமாவட்டத்தின் முறையான அனுமதி வேண்டும். அதனால் பெஞ்சுக்கு அடியில் மின்சூட்டுப் பலகை, சூடாகும் மெத்தை என்று ஆட்களுக்கு மட்டும் சூடு கிடைக்க வழி தேடுகிறார்கள். சில ஊர்களில் ஜனவரி, பிப்ரவரியில் பெரிய கூடத்தை விட்டுவிட்டு, பீடத்தை ஒட்டிய சிறு பகுதியில் நெருங்கி உட்கார்ந்து ஆராதிக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. குரல்கள் ஒன்று சேர்கின்றன. இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இருமல் வந்தால் மிட்டாய் நீட்ட முடிகிறது.

பல ஆலயங்களில் குழாயோ கழிப்பறையோ இல்லை. ஆராதனை முடிந்ததும் தரும் காபிக்கு யாராவது வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டு நிற்கும் கால் மணி நேரத்தில் ஊர்ச் செய்தி அத்தனையும் வந்துவிடும். யாருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, யார் வீட்டுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும், எந்தச் சாலையில் பனி உறைந்து கார் சறுக்குகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

குளிர்காலத்து நாட்களில் என் மனத்தைத் தைப்பது நவம்பர் இரண்டாம் ஞாயிறு, போர்களில் இறந்தவர்களின் நினைவு நாள். அன்று மணி அடிக்கும் விதமே வேறு. மணி நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் உறை கட்டிவிடுவார்கள். ஓர் அடி முழு ஒலியோடு விழும், அடுத்த அடி தொலைவிலிருந்து வருவது போல மங்கிக் கேட்கும். பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். ஆண்டு முழுவதும் ஆலயப் பக்கம் தலைகாட்டாத விவசாயிகள், இளைஞர்கள், சாரணச் சிறுவர்கள் எல்லாரும் வந்திருப்பார்கள். நினைவுக் கல்லில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அந்தச் சின்ன ஊருக்கு அந்தப் பட்டியல் மிக நீளம். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும்போது, அண்ணனும் தம்பியுமாகத்தான் இருக்கும் என்று புரியும்.

முதல் உலகப் போரின் பெயர்களுக்குப் பின் 1939–45 பெயர்கள் வரும். ராயல் நார்ஃபோக் படைப்பிரிவின் மூன்று பட்டாலியன்கள் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டன. பலர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலையில் மாண்டார்கள். அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் இறந்தார்கள். நார்ஃபோக் பையன்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன, ஆண்டுதோறும் உரக்க வாசிக்கப்படுகின்றன. நம்மவர் பெயர்களில் பெரும்பாலானவை எங்கேயும் பொறிக்கப்படவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் நான் அவர்களையும் நினைத்து ஜெபிக்கிறேன். இதை ஒருமுறை எங்கள் குருவானவரிடம் சொன்னேன். அடுத்த ஆண்டு மன்றாட்டு ஜெபத்தில் 'அவர்களோடு அந்தப் பாதையில் உழைத்து மடிந்த தமிழர், பர்மியர், மலாய் மக்கள்' என்று சேர்த்துக்கொண்டார். அன்று வந்திருந்த யாருக்கும் அது அந்நியமாகப் படவில்லை. முடிந்தபின் ஒரு முதியவர் என்னிடம் வந்து, தன் மாமாவும் அங்கே இறந்தவர்தான் என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றார்.

கிறிஸ்துமஸைப் பற்றி நீட்டவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்பது வாசகங்களும் பாடல்களுமாக நடக்கும் ஆராதனை கார்ன்வாலின் ட்ரூரோவில் 1880-இல் பேராயர் பென்சன் தொடங்கியது. இன்று அது இல்லாத கிராமமே இல்லை எனலாம். அன்றும் 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருவிருந்திலும் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். குழந்தைகளுக்குக் கிறிஸ்டிங்கிள் ஆராதனை உண்டு. ஓர் ஆரஞ்சுப் பழம் உலகம், அதைச் சுற்றிய சிவப்பு நாடா இயேசுவின் இரத்தம், செருகிய நான்கு குச்சிகளில் உலர்ந்த திராட்சையும் மிட்டாயும், நடுவில் மெழுகுவர்த்தி. ஜெர்மனியின் மொரேவியச் சபையில் 1747-இல் பிறந்த இந்த வழக்கம், 1968-இல் லிங்கன் பேராலயத்தில் தொடங்கி ஆங்கிலிக்கன் சபைகளில் பரவியது. ஆராதனை முடியும் முன்பே குச்சியில் இருந்த மிட்டாய் காணாமல் போயிருக்கும்.

ஜனவரிதான் உண்மையான சோதனைக் காலம். பொழுது விடிய எட்டு மணி ஆகும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் மாலை ஜெபத்தைப் பல ஊர்களில் பிற்பகல் மூன்று மணிக்கே வைத்துவிடுகிறார்கள். வருகிறவர்கள் ஐந்தாறு பேர்தான். பாடகர் குழு கிடையாது. சங்கீதத்தை இரு பக்கமாக மாறி மாறி வாசிப்போம். 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின் முறைதான். எங்கள் இருளை ஒளியாக்கும், இந்த இரவின் ஆபத்துகளிலிருந்து காத்தருளும் என்று கேட்கும் அந்த மூன்றாவது ஜெபத்தைச் சிறுவயதில் பாட்டியோடு தமிழில் சொல்லி வளர்ந்தவள் நான். திருநெல்வேலியில் அது ஒரு பழைய, அழகான ஜெபமாக மட்டும் இருந்தது. இங்கே ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே இருட்டிக்கொண்டு வரும்போது, பனிச் சாலையில் தனியாக வீடு திரும்ப வேண்டிய எழுபது, எண்பது வயதுக்காரர்கள் அதைச் சொல்லும்போது, ஒவ்வொரு சொல்லும் கேட்டுப் பெற வேண்டிய உதவியாகிவிடுகிறது. நிரம்பி வழிந்த எந்தக் கூட்டத்திலும் நான் இவ்வளவு ஒன்றி ஜெபித்ததில்லை.

ஜனவரி 6, ஞானியர் வருகைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு கலப்பை ஞாயிறு. கலப்பையை ஆலயத்துக்குள் கொண்டுவந்து, நிலத்தையும் உழுபவர்களையும் ஆசீர்வதிப்பார்கள். சில ஊர்களில் டிராக்டரே வாசலில் வந்து நிற்கும். நார்ஃபோக்கின் காஸ்டன் ஆலயத்தில், கலப்பையை வாழ்த்தி இடைக்காலத்தில் மரத்தில் செதுக்கிய வரிகளை இன்றும் பார்க்கலாம். நம் ஊரில் நல்லேர் பூட்டும் நாளின் அதே மனம்தான் இது. பொங்கலை ஒட்டியே வருவதால் அன்று நான் சர்க்கரைப் பொங்கல் செய்து எடுத்துப் போவேன். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடையில் லாரி ஓட்டிக் களைத்து வந்தவர்கள் அதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 2, கிறிஸ்து பிறப்பின் நாற்பதாம் நாள், குழந்தை இயேசுவைத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருநாள். அன்று மெழுகுவர்த்திகளை ஆசீர்வதிப்பார்கள். அதற்குள் கல்லறைத் தோட்டங்களில் வெள்ளைப் பனித்துளிப் பூக்கள் கூட்டம் கூட்டமாகப் பூத்துவிடும். அதைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்குச் சூப்பும் கேக்கும் விற்று, கூரைச் செலவுக்குப் பணம் சேர்க்கிறார்கள்.

கூட்டம் குறைவு என்றால் சபையும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. நம் சபைகளில் பெயர்ப் பதிவும் சந்தாவும் உண்டு. யார் உறுப்பினர், யார் இல்லை என்று தெளிவாகத் தெரியும். இங்கே அப்படியல்ல. எல்லைக்குள் வசிக்கும் எல்லாருமே அந்தச் சபையின் பொறுப்பு. விசுவாசம் இல்லாதவராக இருந்தாலும், இடமிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெற அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. குளிர்காலத்தில் மரணங்கள் அதிகம். ஞாயிறன்று ஆறு பேர் இருந்த அதே ஆலயத்தில் வியாழனன்று ஓர் அடக்க ஆராதனைக்கு இருநூறு பேர் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு பேர் ஞாயிறுதோறும் கதவைத் திறந்து வைத்திருந்ததால்தான் வியாழனன்றும் அது திறந்திருந்தது. 2022 குளிர்காலத்தில் மின்கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் எகிறியபோது, பல சபைகள் ஊர்க் கூடத்தில் ஹீட்டர் போட்டு, தேநீரும் சூப்பும் வைத்து, வீட்டைச் சூடாக்க முடியாதவர்களை வந்து உட்காரச் சொன்னதும் இந்தப் பொறுப்பில் சேர்ந்ததே.

என் கவலை வேறு. கதவைத் திறக்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது. ஆலயப் பொறுப்பைக் கவனிக்கும் எங்கள் வார்டன் எண்பதை நெருங்குகிறார். உறைபனி விழுந்த காலையில் மற்றவர்கள் வழுக்கி விழாமல் இருக்க, விடியுமுன் வந்து பாதையில் உப்புத் தூவுகிறவர் அவர்தான். கூரைக்கும் சுவருக்கும் ஆகும் செலவைப் பெரும்பாலும் ஊர்தான் திரட்ட வேண்டும். குருவானவர் சம்பளமும் அரசாங்கப் பணமல்ல. அடுத்த தலைமுறை இந்தச் சாவியை வாங்கிக்கொள்ளுமா என்ற கேள்வி எல்லார் மனத்திலும் இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதிக்கு வேலைக்கு வந்த மலையாளிகளும் நைஜீரியர்களும் தமிழர்களும் சில சபைகளில் வேத பாடம் வாசிக்கிறார்கள், மணி அடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். இது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

நீங்கள் இங்கே வர நேர்ந்தால், கிறிஸ்துமஸுக்கு மட்டும் போய்விட்டு வராதீர்கள், ஜனவரியில் ஒரு ஞாயிறு போங்கள். எந்த வாரம் எந்த ஊரில் ஆராதனை என்பது ஆலய வாசல் பலகையில் எழுதியிருக்கும், வீடு வீடாக வரும் சபை இதழிலும் இருக்கும். இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், கையுறையை மறக்க வேண்டாம். ஆராதனை முடிந்ததும் நழுவிவிடாமல் காபிக்கு நில்லுங்கள். இரண்டாம் முறை போகும்போதே வேத பாடம் வாசிக்க முடியுமா என்று கேட்பார்கள், சரி என்று சொல்லிவிடுங்கள்.