ஆர்னிகா: கேளுங்கள், பதில் சொல்கிறேன்

கேள்வி: முடி எண்ணெய் பாட்டிலில் இருக்கும் மஞ்சள் பூ சூரியகாந்தியா?

இல்லை, ஆர்னிகா மொன்டானா. ஐரோப்பிய மலைச் செடி. சூரியகாந்திக்குத் தூரத்துச் சொந்தம்.

கேள்வி: ஆல்ப்ஸ் போகிறோம். எப்படி அடையாளம் காண்பது?

நல்ல கேள்வி. அங்கே மஞ்சள் பூவுக்குப் பஞ்சமே இல்லை, அதனால் பூவை விட்டுவிட்டுக் குனிந்து இலையைப் பாருங்கள். தரையோடு படிந்த இலை வட்டம், நடுவிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு, அதில் ஓரிரு ஜோடி இலைகள் எதிரெதிராக. அதைப்போல் இருக்கும் மற்ற மஞ்சள் பூச்செடிகள் பலவற்றில் இலை மாறி மாறித்தான் வரும். இதழ்கள் சீவாத தலை மாதிரி கலைந்து கிடக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேடலாம், ஆனால் சுண்ணாம்பு மண்ணில் வேண்டாம். சத்தில்லாத அமில மண்தான் இதற்குப் பிடிக்கும். உரம் போட்டால் புல் எகிறி இதை மூடிவிடும், புல் அறுப்பதையும் மேய்ச்சலையும் அடியோடு நிறுத்தினாலோ புதர் மண்டிவிடும். ருமேனியாவின் அபுசேனி மலையில் பூ பறித்து விற்பவர்களுக்கு அந்த ஏழைப் புல்வெளிதான் மூலதனம். நீங்கள் பறிக்காதீர்கள், பல இடங்களில் சட்டப் பாதுகாப்பு உண்டு.

கேள்வி: சென்னை மாடித் தோட்டத்தில் வருமா?

வராது.

கேள்வி: பூவை டீ போட்டுக் குடிக்கலாமா?

கூடாது. ஹெலனாலின் என்ற நச்சு இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், இதயத் துடிப்பே தடுமாறலாம்.

கேள்வி: வெட்டுக்காயத்தில் தடவலாமா?

கூடாது. தோல் கிழியாத அடி, சுளுக்குக்கு மட்டும். சாமந்தி ஒவ்வாதவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

கேள்வி: ஹோமியோபதியில் உள்ளுக்கே கொடுக்கிறார்களே, நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

வந்துவிட்டதா? உருண்டைப் பாட்டிலில் 30சி என்று போட்டிருந்தால் நூறில் ஒரு பங்காக முப்பது முறை கரைத்தது, அதாவது 1 போட்டு 60 சைபர் மடங்கு. 12சி தாண்டினாலே ஒரு மூலக்கூறு மிஞ்சுவது சந்தேகம். அந்தச் சர்க்கரை உருண்டையில் செடியே இல்லை, அதனால் நஞ்சும் இல்லை. அப்படிக் கரைப்பதற்கு முந்தைய மதர் டிங்சர் அப்படியல்ல, அது நிஜமான செடிச் சாறு. ஒரே பெயர் என்று அதைக் குடித்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஆர்னிகாவே பொய் என்கிறீர்களா?

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 2007இல் கைவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் 21 நாள் தடவிப் பார்த்தார்கள், ஆர்னிகா ஜெல் ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்து ஜெல்லுக்குச் சளைக்கவில்லை. அது செடி உள்ள ஜெல். உருண்டையை அதன் முதுகில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: குழந்தைக்குக் கொஞ்சமாக டீ...

மேலே படியுங்கள்.

கேள்வி: முடி வளருமா?

எண்ணெய் தேய்த்தால் தலை பளபளக்கும்.