வெற்றிலைப் பெட்டி யாருடையது?

கேள்வி: பத்து வருஷமாகக் கவுன்சலிங் செய்கிறேன். கும்பகோணத்தில் ஒரு சின்ன அறை, வாரத்தில் ஐந்து நாள். ராத்திரியில் புனைபெயரில் கதை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றையொன்று தின்கின்றன. வருகிறவர்களிடம் 'உங்களுக்கு நீங்க உண்மையா இருங்க' என்று சொல்லிவிட்டு, நானே இரண்டு ஆளாக வாழ்வது உறுத்துகிறது. போன மாதம் ஒரு கதை அச்சில் வந்தது. எழுதியது நான் என்று தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் படித்துவிட்டு, 'இது அந்த வடக்குத் தெரு வீட்டு விஷயம் மாதிரியில்ல இருக்கு' என்றார். பெயர், ஜாதி, தெரு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருந்தேன். ஒரே தண்ணீரை இரண்டு வயலுக்குப் பாய்ச்ச முடியுமா? எதை விடுவது?
– பெயர் வேண்டாம், காவிரி டெல்டா

பதில்: டெல்டாவில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா அம்மா? மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷமெல்லாம் இத்தனை நாள் காவிரிக்கு, இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு என்று முறை வைத்துத்தானே விடுகிறார்கள். நீங்களும் முறை வையுங்கள். எழுதுகிற நாளில் அந்த அறையைத் திறக்காதீர்கள். ஒருவர் கதையைக் கேட்ட அன்றே பேனாவை எடுக்காதீர்கள். கேஸ் நோட்டும் கதை நோட்டும் ஒரே கைப்பையில் பஸ் ஏறக் கூடாது. நேரப் பிரச்சினைக்கு இவ்வளவு போதும்.

புனைபெயர் உறுத்துகிறது என்கிறீர்கள். மன்னார்குடியில் நாராயணசாமி என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். எழுத்தாளர் கு.ப.ரா.வுக்குக் 'கரிச்சான்' என்று ஒரு புனைபெயர் உண்டு. அவர்மேல் இருந்த பக்தியில் இவர் தனக்குக் 'கரிச்சான் குஞ்சு' என்று பெயர் வைத்துக்கொண்டார். பகலில் வகுப்பில் நின்றவர் ஒருவர், ராத்திரி எழுதியவர் இன்னொருவர் என்று யாரும் அவரைப் பிரித்துப் பார்க்கவில்லை. புனைபெயரில் ஒரு பொய்யும் கிடையாது. உங்களை உறுத்துவது வேறு. கடிதத்தில் போகிற போக்கில் சொன்னது மாதிரி எழுதியிருக்கிறீர்களே, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, அதற்கு வருகிறேன்.

அச்சான கதையையும் இணைத்திருந்தீர்கள். படித்தேன். மாமியார் செத்து மூன்று வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை இவளை ஒரு நாள் நிம்மதியாகச் சாப்பிட விடாத மாமியார். ஆனாலும் மருமகள் வெள்ளிக்கிழமைதோறும் அந்த அம்மாளின் பித்தளை வெற்றிலைப் பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, நாலு கொழுந்து வெற்றிலை வைத்து மூடுகிறாள். மறுவாரம் காய்ந்ததை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வைக்கிறாள். பயமா, பாசமா, ஜெயித்துவிட்டேன் என்று காட்டுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

நிஜத்தில் அது வெற்றிலைப் பெட்டி இல்லை. நீங்கள் எழுதியிருந்த பொருளையும், அதை அவள் என்ன செய்கிறாள் என்பதையும் நான் மாற்றிவிட்டேன். ஊரையும் வருஷக் கணக்கையும்கூட மாற்றித்தான் மேலே அச்சிட்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக் கேள்வி-பதிலுக்கு நான் பட்ட இந்தச் சிரமத்தை நீங்கள் பன்னிரண்டு பக்கக் கதைக்குப் படவில்லை. பெயரை மாற்றினீர்கள். ஆனால் அந்தப் பொருளை அப்படியே விட்டீர்கள். ஏன் விட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை எடுத்தால் கதையே செத்துப்போகும். அவ்வளவு நல்ல விஷயம் அது. ஆனால் நீங்கள் கண்டுபிடித்ததில்லையே. அவள் அழுதுகொண்டே சொன்னது.

அவள் உங்கள் அறைக்கு எப்படி வந்து சேர்ந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் கவுன்சலிங் என்பது கடைசியாகத் தட்டுகிற கதவு. ஜோசியர் பார்த்து, மனசு சரியாக வேண்டிக் குணசீலம் கோவிலில் 48 நாள் இருந்துவிட்டு, அதற்கும் அப்புறம் வருகிறவர்கள் உண்டு. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து, கையில் ஜவுளிக்கடைப் பையோடு வருகிற பெண்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். யாராவது பார்த்தால் புடவை எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் அந்தப் பை.

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியக் காப்பை நோயாளியின் உரிமை என்கிறது. 'என்னிடம் வருகிறவர்கள் நோயாளிகள் இல்லையே' என்று வக்கீல் வாதம் செய்ய வேண்டாம். அந்தப் பைக்கு எந்தப் பிரிவும் தேவையில்லை.

அனுமதி கேட்டு எழுதலாமே என்பீர்கள். இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் தன்னிடம் வந்தவர்களைப் பற்றி அவர்கள் சம்மதத்தோடு, அடையாளத்தை மாற்றி எழுதியிருக்கிறார். அது அங்கே நடக்கலாம். இங்கே, கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறவளிடம் கேட்டால், 'உங்க இஷ்டம் மேடம்' என்பாள். கடன்காரன் முன்னால் நிற்கிறவன் போடும் கையெழுத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. அவள் உங்களிடம் வருவதை நிறுத்தி, வாழ்க்கை சரியாகி, உங்களை வழியில் பார்த்தால் 'நல்லாருக்கீங்களா' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிற நிலை வரட்டும். அப்போது கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, அப்படியானால் எதை எழுதுவது? கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராம் இருந்தார். பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர். யாரும் பேசாதபோதும் அவர் காதில் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன, வருஷக்கணக்காக. அந்த அவதியைத்தான் 'காதுகள்' நாவலாக எழுதினார். 1993-இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. எழுதியது அவர் காதுக்குள் நடந்ததை. யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் காதிலும் பத்து வருஷமாக ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. அந்தக் காதோடு வீட்டுக்குப் போய்ச் சாம்பார் கொதிக்க வைக்கிறீர்கள். பிள்ளை ஏதோ சொல்கிறது, காதில் விழவில்லை. ஊர் முழுக்க யார் பேசினாலும் கேட்கிற அம்மா தன் பேச்சை மட்டும் கேட்பதில்லை என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு வருத்தம் இருக்கலாம். அது உங்கள் வீட்டுக் கதை. அதிலும் ஜாக்கிரதை வேண்டும், பிள்ளைகளும் வளர்ந்து படிப்பார்கள். ஆனால் உண்மையாக வாழ்வது என்று பெரிய வார்த்தை போட்டுக் கேட்டீர்களே, அது இந்தப் பக்கம்தான் எங்கோ இருக்கிறது. அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறப்பதைவிட இது கஷ்டம். இத்தனை வருஷமாக நீங்கள் இதைத் தொடாததற்கு நேரமின்மை காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரசுரத்துக்கு என்று அனுப்பிய இரண்டாவது கதையைத் திருப்பி அனுப்புகிறேன். அதிலும் ஒரு வீடு அப்படியே தெரிகிறது. நாலாம் பக்கத்தைப் பாருங்கள். எதிரே ஒருத்தி அழுதுகொண்டிருக்க, கவுன்சலர் கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஆறு பத்து பஸ்ஸை விட்டால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வோமே என்று நினைக்கிறாள், நினைத்ததற்காகக் கூசுகிறாள், கூசிக்கொண்டே மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறாள். (இதை மட்டும் நான் மாற்றவில்லை. அந்தக் கேட்டில் மாட்டாதவர் டெல்டாவில் யார்?) அந்த ஆறு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். மீதிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கிருந்து ஆரம்பித்து அனுப்புங்கள்.