நண்பரின் அப்பா இறந்துவிட்டார், நேரில் போக முடியவில்லை. அவருக்கு என்ன எழுதி அனுப்புவது?

நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பீர்கள், எழவுக்குப் போக முடியாத உறுத்தலில் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் அய்யன் (அப்பாவைத்தான் அப்படிச் சொல்வோம்) தவறி மூன்று வருஷம் ஆகிறது. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். அன்றைக்கு என் போனில் 'ஆழ்ந்த இரங்கல்', 'ஆர்ஐபி', கைகூப்பிய பொம்மை என்று வந்துகொண்டே இருந்தது. அனுப்பியவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் வருஷக்கணக்காக அதையேதான் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆனால் யார் என்ன அனுப்பினார்கள் என்று ஒன்றுகூட நினைவில் இல்லை.

பவானி கூடுதுறையில் அஸ்தி கரைத்து, சொந்தபந்தமெல்லாம் கிளம்பிப் போனபின் ஒரு செய்தி வந்தது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர், தன் மகனை விட்டு எழுதச் சொன்னது. அய்யன் நாட்டுச் சர்க்கரையை அங்கேதான் கொண்டுபோவார். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் வாங்குகிறார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். செய்தி இதுதான்: "தம்பி, உங்க அய்யன் மூட்டையை எந்தலைக்கு ஏத்தி விடறப்போ, சாக்குத் தெச்ச சணல் முடிச்சு கழுத்துல குத்தாம உள்ளார மடிச்சு உடுவாருங்க. வேற ஆரும் அப்புடிப் பண்ணுனதில்லீங்க. பதில் போடோணும்னு இல்லீங்க."

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொருக்கா படிக்கச் சொன்னார். "இது எனக்கே தெரியாதே சாமி" என்றார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர்.

நம்ம பக்கம் எழவு வீட்டில் பேச்சு ஏது? கையைத் தொட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம், போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்புவோம். எழுதும்போது அந்தக் கை இல்லை. அதனால் அவருடைய அப்பாவிடம் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். எழுத்து நன்றாக வராது என்று தயங்க வேண்டாம், அந்த அண்ணன் கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர். 'எப்படி ஆச்சு?' என்று கேட்காதீர்கள், அதை நாங்கள் நூறு பேருக்குச் சொல்லி ஓய்ந்திருந்தோம். 'வயசானவர்தானே' என்பதும் வேண்டாம். சிலர் அதை ஆறுதல் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்பதும் உதவாது. என்ன வேண்டும் என்றே அப்போது தெரியாது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று ஓடிப் பதிந்தோம். சான்றிதழில் அய்யன் இனிஷியலே தப்பு. அதைத் திருத்த ஆறு நடை, திருத்தினபிறகு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், அப்புறம் பட்டா மாற்ற, பேங்குக்கு. ஒவ்வொரு மேசையிலும் 'நாளைக்கு வாங்க'. அழக்கூட நேரம் விடவில்லை. தப்பு அவர்களுடையது, அலைந்தது அம்மா. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. 'சான்றிதழ் வேலைக்கு திங்கட்கிழமை என் தம்பி வண்டியோடு வருவான்' என்று யாராவது ஒருவர் எழுதியிருந்தால் அன்றைக்கு எவ்வளவோ தெம்பாக இருந்திருக்கும்.

சரி, உங்களுக்கு வருகிறேன். நாள் தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், வீடு வெறிச்சோடிய பிறகு வருவதைத்தான் நிதானமாகப் படிக்க முடியும். அவர் அப்பாவை ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு உங்களிடம் என்ன கேட்டார், என்ன சாப்பிடச் சொன்னார்? பார்த்ததே இல்லை என்றால், நண்பர் அவரைப் பற்றி உங்களிடம் சொன்னது ஏதாவது இருக்கும். அதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.