நட்டக் கணக்கு காட்டிப் பணிக்கொடையை நிறுத்திவைக்கலாமா?

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 29 ஆண்டு 7 மாதம் ஓட்டுநராக இருந்து, 2024 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றேன். பணிக்கொடை (கிராஜுவிட்டி) இன்னும் வரவில்லை. "கழகம் நட்டத்தில் ஓடுகிறது. வட்டி கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் தவணையாகத் தருகிறோம்" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் ஐயா. மற்றதை அப்புறம் பேசுவோம்.

நட்டம் பொய்யில்லை. அரசுப் பஸ் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். டீசல் அந்த விலையிலா நிற்கிறது? ஆனால் கட்டணத்தை முடிவு செய்வது அரசு. ஸ்டியரிங் பிடித்தவர் அல்ல. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில், நிறுவனம் நட்டப்பட்டால் தள்ளிப்போடலாம் என்று ஒரு வரியும் கிடையாது. 30 நாளில் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. தாமதம் உங்கள் தவறால் நேர்ந்து, அதற்குத் தொழிலாளர் துறைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியும் இருந்தால்தான் வட்டி இல்லை.

கணக்கை நீங்களே போட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும் என்பதால் உங்களுக்கு 30 ஆண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 42,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 30ஆல் பெருக்க வேண்டும்: 7,26,923 ரூபாய். வட்டி மட்டும் மாதம் 6,000 ரூபாய்க்கு மேல். எழுதிக் கொடுக்கச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும்.

'ஐ' (I) படிவத்தில் விண்ணப்பத்தை மண்டல அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். "மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன்" என்பதெல்லாம் விசாரணையில் நிற்காது. பதில் வராவிட்டால், அந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'என்' (N) படிவத்தில் மனுச் செய்யுங்கள். இதற்கு 90 நாள் கெடு. உங்களுக்கு அது கடந்திருக்கும். தவணை வாக்குறுதியை நம்பிக் காத்திருந்ததைக் காரணமாகக் காட்டித் தாமதத்தைப் பொறுக்குமாறு தனி மனுவும் வையுங்கள். போதிய காரணம் இருந்தால் ஏற்க அவருக்கு அதிகாரம் உண்டு.

இடையில் தவணை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் உங்கள் கையாலேயே "வட்டி கோரும் உரிமைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள்.

உத்தரவு வந்தும் கொடுக்காவிட்டால், அதிகாரி தரும் சான்றிதழின் பேரில் ஆட்சியர் நில வரி பாக்கியைப் போல வசூலிப்பார். கழகம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் பணிக்கொடைத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும்.

ஓய்வூதியப் பஞ்சப்படிப் பாக்கியும் இருந்தால், அதை இந்த மனுவில் சேர்க்காதீர்கள். அது வேறு வழக்கு, வேறு இடம். சேர்த்தால் இரண்டும் இழுபடும்.

2025 நவம்பர் 21க்குப் பின் ஓய்வு பெற்ற உங்கள் நண்பர்களுக்குப் பொருந்துவது, 1972 சட்டத்துக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. 30 நாள் கெடு அதிலும் இருக்கிறது.