பரிந்துரைப்பவர் முழுவதையும் சொல்ல வேண்டும்

கேள்வி: ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும் ‘பாய்ஸ் லவ்’ (பி.எல்.) வகை ஜப்பானிய மங்காக்களை, அதாவது படக்கதைகளை, படிக்கும்படி எங்கள் வாசகர் வட்டத் தோழிகள் ஓயாமல் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு இரண்டு கதைகள் வாங்கினேன். இரண்டிலும் ஒருவன் ‘வேண்டாம்’ என்கிறான், மற்றவன் விடுவதில்லை, கடைசியில் அதையே காதல் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சொன்னால், ‘பி.எல். என்றால் அப்படித்தான், போகப் போகப் பழகிவிடும்’ என்கிறார்கள். இந்த வகையே இப்படித்தானா? படிக்கத் தக்கது ஏதேனும் உண்டா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: பழகிக்கொள்ளாதீர்கள். குமட்ட வேண்டிய இடத்தில்தான் உங்களுக்குக் குமட்டியிருக்கிறது. ‘அப்படித்தான்’ என்று சொன்ன தோழிகள், தாங்கள் உயிராய் நேசிக்கும் கதைகளைத் தாங்களே தாழ்த்திப் பேசுகிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

இந்த வகை எங்கிருந்து வந்தது என்று அவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். 1970களில் ஜப்பானின் சிறுமியர் இதழ்களில் எழுதிய இளம்பெண்கள் உருவாக்கியது இது. கதாநாயகி ஆசைப்படுவதற்கே ஆயிரம் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், ஆசையையும் துயரத்தையும் வெளிப்படையாகப் பேச ஆண் பாத்திரங்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. கெய்கோ தாகெமியா 1976இல் தொடங்கிய ‘காஸே தோ கி நோ உதா’, பிரான்ஸ் நாட்டு விடுதிப் பள்ளி ஒன்றில் இரண்டு சிறுவர்களுக்கு இடையே மலரும் காதலைச் சொல்கிறது. அதில் சிறுவன் மீதான பாலியல் வன்கொடுமையும் வருகிறது. அதைப் படிப்பவர் வரலாறாகவும் கலையாகவும் படிக்கலாம். முதல் புத்தகமாக யார் கையிலும் திணிக்கக் கூடாது.

பிற்பாடு வந்த பல கதைகளில், வற்புறுத்தல் ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. மறுப்பவன் உள்ளூர விரும்புகிறான் என்று வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் காதல் கதைகளில் கதாநாயகியைத் துரத்தித் துரத்தி இணங்க வைப்பதைக் கண்டிக்கிறவர்கள், இங்கே இரண்டு பேரும் ஆண்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வது என்ன நியாயம்?

இந்தக் கதைகளுக்கு ஜப்பானிலேயே எதிர்ப்பு எழுந்திருக்கிறது. 1992இல் மசாகி சாதோ என்ற தன்பாலீர்ப்பாளர் ஒரு பெண்ணியச் சிற்றிதழில் கடுமையாக எழுதினார். எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையைப் பற்றி அக்கறை இல்லாமல், உங்கள் கற்பனைக்கு எங்களைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அந்த விவாதம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. படைப்பாளிகளும் வாசகிகளும் அதில் கலந்துகொண்டார்கள், சிலர் மறுத்தார்கள், சிலர் யோசித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு பேசப்பட்ட ஒன்றை ‘அப்படித்தான்’ என்ற ஒரு சொல்லில் மூடிவிட முடியாது.

இனி, என்ன படிக்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். யூகி ஃபுமினோவின் ‘ஐ ஹியர் தி சன்ஸ்பாட்’டில் தொடங்குங்கள். கோஹெய் கல்லூரி மாணவன். பள்ளி நாட்களில் செவித்திறனைப் பெருமளவு இழந்தவன். பிறர் பேசுவது பாதி புரிந்தும் புரியாமலும் நாளைக் கழித்துக் கழித்து, ஒதுங்கி இருப்பதே நல்லது என்று முடிவு செய்துவிட்டவன். தாய்ச்சி எப்போதும் பசியோடு திரிகிறவன், குரலும் பெரிது. வகுப்பில் கோஹெய்க்காக அவன் குறிப்பெடுத்துத் தருகிறான். கைம்மாறாக கோஹெய் மதிய உணவுப் பெட்டியைத் தருகிறான். காது கேட்காதது உன் தவறில்லை, கேட்கவில்லை என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிக் கேள் என்று தாய்ச்சி அவனிடம் சத்தம் போடும் இடத்தைப் படித்துப் பாருங்கள். இரக்கப்பட்டு அவன் அதைச் சொல்லவில்லை. கோஹெய் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு ஒதுங்குவதை அவனால் பொறுக்க முடியவில்லை, அதனால் கோபப்படுகிறான். கோஹெய் அவனை நேசிக்கத் தொடங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதுதான் இந்தக் கதையின் உயிர். நீங்கள் படித்த இரண்டிலும் இல்லாமல் போனது அதுவே. இருவருக்கும் இடையிலான நெருக்கம் மிக மெதுவாக வளர்கிறது, பொறுமையோடு படியுங்கள்.

அசுமிகோ நாகாமுராவின் ‘கிளாஸ்மேட்ஸ்’ அடுத்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் சாஜோ, இசைக் குழுவில் கிதார் வாசிக்கும் குசாகாபே என்ற இரண்டு பள்ளி மாணவர்களின் கதை. சேர்ந்திசைப் பயிற்சியில் வாய் திறக்காமல் நிற்கும் சாஜோ, எல்லோரும் போன பிறகு வகுப்பறையில் தனியாகப் பாடிப் பழகுவதை குசாகாபே பார்த்துவிடுகிறான். நீண்டு மெலிந்த கோடுகளும் வெற்றிடமும் நிறைந்த அந்தப் பக்கங்களில் காற்று வீசுவது தெரியும். எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் இது. ஆனாலும் முன்கூட்டியே சொல்கிறேன்: முதல் முத்தம் கேட்டுக் கொடுக்கப்பட்டதல்ல. மாணவனிடம் எல்லை மீறும் ஆசிரியர் ஒருவரும் வருகிறார். அது உங்களுக்கு ஒப்பாது என்றால் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

நடுத்தர வயதுக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஃபுமி யோஷினாகாவின் ‘வாட் டிட் யூ ஈட் யெஸ்டர்டே?’. 2007 முதல் ஆண்களுக்கான வார இதழ் ஒன்றில் வெளிவரும் தொடர் என்பதால் கறாராகப் பார்த்தால் இது பி.எல். அல்ல; ஆனால் யோஷினாகா அந்த உலகிலிருந்து வந்தவர். வழக்கறிஞர் ஷிரோவும் முடிதிருத்தும் கலைஞர் கென்ஜியும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். வேலை முடிந்ததும் ஷிரோ கடைக்குப் போய் விலை பார்த்துக் காய்கறி வாங்கி, குழம்பும் பொரியலும் சமைக்கிறார். மலிவாகக் கிடைத்த பெரிய தர்பூசணியை, கடையில் சந்தித்த ஓர் இல்லத்தரசியோடு பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கிறார். அலுவலகத்தில் தன்னைப் பற்றிச் சொல்ல முடியாத அச்சமும், வயதான பெற்றோரோடு நிகழும் தடுமாற்றமும் சமையலுக்கு நடுவிலேயே வந்து போகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லப் பாத்திரங்களுக்கும் வயது ஏறுகிறது. சாதோ கேட்ட அக்கறை இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

உங்கள் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. ‘கட்டாயம் படி’ என்பது பரிந்துரை ஆகாது. பாத்திரங்களின் வயது என்ன, உடலுறவுக் காட்சிகள் எந்த அளவுக்கு வெளிப்படையானவை, வற்புறுத்தல் இருக்கிறதா, கதை முடிந்துவிட்டதா என்று சொல்லுங்கள். அட்டையில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்டிருந்தால் பள்ளிப் பிள்ளைகளிடம் அதை நீட்டாதீர்கள். இவற்றைச் சொன்னால் கதையின் சுவை கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கெடுவது நீங்கள் சொல்லாமல் மறைக்கும்போதுதான். அப்படி ஏமாந்த வாசகர் அடுத்த நல்ல புத்தகத்தையும் தொட மாட்டார். திருட்டுப் பிரதிகளை அனுப்புவதையும் நிறுத்துங்கள். வரைந்த பெண்ணுக்கு அதனால் ஒரு காசும் போய்ச் சேர்வதில்லை.

உங்கள் வாசகர் வட்டமே சேர்ந்து படிக்க ஒன்று சொல்கிறேன்: காவோரி சுருதானியின் ‘பி.எல். மெட்டமார்ஃபாசிஸ்’, ஐந்து தொகுதிகள். கணவரை இழந்த 75 வயது மூதாட்டி புத்தகக் கடையில் அட்டைப்படம் அழகாக இருக்கிறதே என்று ஒரு பி.எல். மங்காவை வாங்குகிறார். அங்கே வேலை பார்க்கும் 17 வயது உராரா, அவருக்கு வாசிப்புத் துணையாகிறாள். தன்னிடம் இருப்பவற்றில் எதை அவர் கையில் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அவள் எவ்வளவு யோசிக்கிறாள் என்பதைத் தோழிகள் கவனிக்கட்டும். படித்து முடித்ததும், நீங்கள் வாங்கிய அந்த இரண்டு புத்தகங்களையும் வட்டத்தில் எடுத்து வையுங்கள். உங்களுக்கு எந்தப் பக்கத்தில் குமட்டியது என்று பிரித்துக் காட்டிப் பேசுங்கள்.