பெயரிங் ஹவுசிங் பிடிக்க 250 பார் எதற்கு?

சம்மாந்துறையில் லேத் வேலைத்தளம் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "அரிசி ஆலைகளுக்கு வார்ப்பிரும்பு பெயரிங் ஹவுசிங் (சுழலும் தண்டின் பெயரிங்கைத் தாங்கும் கூடு) மிலிங் மெசினில் குடைகிறோம். போல்ட் முறுக்கியே நேரம் போகிறது. கழற்றியதும் துளை முட்டை வடிவமாகிறது. ஒரு புரோக்கர், போல்டுக்குப் பதிலாக ஒயில் அழுத்தத்தால் பிடிக்கும் 250 பார் ஹைட்ரோலிக் கிளாம்ப் செட் தருகிறார், முற்பணமும் கொடுத்துவிட்டேன். வேலை நடுவில் கரண்ட் போனால் ஹவுசிங் கழன்றுவிடாதா?"

முதலில் அந்த 250 பார் அழுத்தத்தை மறந்துவிடுங்கள். 40 மி.மீ. பிஸ்டன் உள்ள சிலிண்டர் 70 பாரிலேயே ஏறத்தாழ 900 கிலோ அமுக்கும். 250 பாரில் அது 3 தொன்னைத் தாண்டும். போல்டுக்கே வளையும் ஹவுசிங் அதை எப்படித் தாங்கும்?

பிடித்திருக்கும்போது துளை வட்டமாகத்தான் இருக்கிறது. விட்டவுடன் வளைந்த இரும்பு நிமிர, துளை கோணுகிறது. கிளாம்ப் அமுக்கும் இடத்துக்கு நேர் கீழே தாங்கல் இல்லை என்பதே காரணம். டயல் கேஜை (நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) துளை விளிம்பில் வைத்து போல்டை இறுக்குங்கள். முள் நகர்ந்தால் தாங்கலைச் சரிசெய்யுங்கள், பம்ப் அப்புறம். கட்டர் தள்ளும் பக்கத்தில் அசையாத ஸ்டொப் வையுங்கள். உராய்வை மட்டும் நம்பினால், அமுக்கும் விசையில் ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் கிடைத்தாலே பெரிது.

ஒரு விலக்கு உண்டு. மெல்லிய விளிம்பைத்தான் பிடித்தாக வேண்டும், கீழே நிலையான தாங்கலும் வைக்க முடியாது என்றால், ஸ்பிரிங்கால் மேலெழுந்து பூட்டிக்கொள்ளும் தாங்கல் தேவை. வரிசை முக்கியம்: முதலில் ஹவுசிங் நிலையான புள்ளிகளில் உட்கார்ந்து பிடிபட வேண்டும். பிறகு இந்தத் தாங்கல் மெதுவாகத் தொட்டுப் பூட்ட வேண்டும். அதன் பின்பே விளிம்புக் கிளாம்ப் இறங்க வேண்டும். தாங்கலின் ஸ்பிரிங் பலமாக இருந்தால் அதுவே விளிம்பைத் தூக்கி, பழைய கோணலைக் கொண்டுவரும்.

கரண்ட் விஷயம். சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பைலட் செக் வால்வ் (விடுவிப்புப் பக்கம் அழுத்தம் வந்தால் மட்டுமே ஒயிலைத் திரும்ப விடும் ஒருவழி வால்வ்) போட்டால், பம்ப் நின்றாலும் ஒயில் திரும்பாது. ஆனால் ஆபத்து கரண்ட் திரும்பி வரும்போதுதான். ஸ்பிரிங்கால் விடுவிப்புப் பக்கம் திரும்பும் வால்வ் என்றால், பம்ப் ஓடியதும் கிளாம்ப் தானாகத் திறக்கும். விட்ட இடத்திலேயே நிற்கும் இரட்டைச் சொலனொயிட் (மின்காந்தச் சுருள்) வால்வ் கேளுங்கள். அழுத்தம் குறைந்தால் மெசினை நிறுத்தும் பிரஷர் சுவிட்சும் கட்டாயம்.

இனி புரோக்கர். பெக்கோவில் (மண் தோண்டும் இயந்திரம்) கழற்றிய பம்புக்குப் பெயின்ட் அடித்து 'கிளாம்ப் செட்' என்று தள்ளுபவர்கள் உண்டு. உங்களுக்கு நிமிடத்துக்குச் சில லீட்டர் போதும். அந்தப் பம்ப் தள்ளும் மீதி ஒயில் ரிலீஃப் வால்வில் (அழுத்தம் மிஞ்சினால் ஒயிலைத் தொட்டிக்குத் திருப்பும் வால்வ்) சுழன்று கொதிக்கும். அக்யுமுலேட்டரும் (வாயுவின் பலத்தில் ஒயில் அழுத்தத்தைச் சேமிக்கும் உருளை) சேர்த்துத் தந்தால் அதில் நைதரசன் மட்டுமே நிரப்ப வேண்டும். வெல்டிங் கடை ஒட்சிசன் ஒயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். நெல் விளையும் அம்பாறையில் ஆலைப் பாகம் செய்பவருக்கு இதைச் சொல்லித்தர யாருமில்லாமல், விற்க வருபவனே வாத்தியாராக நிற்பது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

முற்பணம் போனது போகட்டும், மீதியைக் கொடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். கிளாம்பைப் பிடிக்கவிட்டு மோட்டாரை நிறுத்தி, சிலிண்டர் பக்கக் கேஜைக் கால் மணி நேரம் பாருங்கள். முள் இறங்கினால் காசு கொடுக்காதீர்கள். கசிவைத் தேட விரலை வைக்க வேண்டாம், ஒயில் தோலைத் துளைக்கும். ஒரு காட்போட் மட்டைத் துண்டு பிடித்துப் பாருங்கள்.