டெலஸ்கோப் வாங்குவது முதல் பத்திரப்படுத்துவது வரை: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டிலிருந்தே வானம் பார்ப்பது பற்றி இந்த முறை தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து மட்டும் இத்தனை கடிதங்கள். இரண்டு மாவட்டங்களும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 முதல் 13 டிகிரியில் இருப்பதால் பெரும்பாலான பதில்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் டெலஸ்கோப் கேட்கிறாள். ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய்க்கு '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று ஒன்று வருகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

வேண்டாம். பெட்டிமேல் 525 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதே அதைத் தவிர்க்கப் போதுமான காரணம். குழாயின் குவியத் தூரத்தை ஐபீஸின் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸின்) குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும், 700 மி.மீ. குழாயில் 4 மி.மீ. ஐபீஸ் போட்டால் 175, அதோடு பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் சொருகினால் 525, கணக்கில் தப்பே இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஒரு மங்கிய குழம்பல் மட்டும்தான். முன்னால் இருக்கும் லென்ஸோ கண்ணாடியோ எத்தனை மி.மீ. விட்டமோ, அதைப்போல இரண்டு மடங்கு வரைதான் பெருக்கம் பயன்படும். 70 மி.மீ.க்கு 140, அதுவும் காற்று அசையாத இரவில். வியாழனின் பட்டைகள், அதன் நாலு நிலாக்கள், சனியின் வளையம் இதற்கெல்லாம் ஐம்பது அறுபது மடங்கே போதும். கலிலியோ 1610-இல் வியாழனின் நிலாக்களைக் கண்டது சுமார் இருபது மடங்கில்.

லென்ஸைவிட முக்கியம் ஸ்டாண்ட். நான் பார்த்தவரை, வாங்கிய டெலஸ்கோப் ஒரே மாதத்தில் பரண் ஏறுவதற்கு ஸ்டாண்ட் ஆடுவதுதான் காரணம். கடையிலேயே சோதித்துப் பாருங்கள்: தூரத்து டவர் ஒன்றைப் பார்த்துக்கொண்டே குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள், படம் இரண்டு மூன்று விநாடிக்குள் நின்றுவிட்டால் சரி, அஞ்சு விநாடி தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முக்காலியின் கால்களை முழுசாக நீட்டாமல், ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிற உயரத்தில் வையுங்கள். தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நடுவில் கட்டித் தொங்கவிட்டால் பாதி ஆட்டம் அடங்கிவிடும்.

உங்கள் மகளுக்கு என் யோசனை, மேஜைமேல் வைக்கிற சின்ன டாப்சோனியன், 114 அல்லது 130 மி.மீ. கண்ணாடி உள்ளது. அதற்கு முக்காலியே கிடையாது, சுழலும் பலகைமேல் குழாய் உட்கார்ந்திருக்கும். பாலக்கோடு பக்கம் பின்கட்டில் துணி துவைக்கிற கல் இல்லாத வீடு குறைவு. அந்தக் கல்மேல் வைத்துப் பாருங்கள், எந்த விலையுயர்ந்த ஸ்டாண்டும் அவ்வளவு அசையாமல் நிற்காது. மொட்டை மாடியைவிட மண் தரை நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பகலெல்லாம் காய்ந்த தளம் நடு இரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், அந்த அனல் காற்றில் வியாழன் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அது என்றைக்கும் வீண் போகாது.

பழைய ஈக்குவடோரியல் மவுண்ட் (அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கிற டெலஸ்கோப் தாங்கி) ஒன்று கிடைத்தது. துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்கிறார்கள், என் வீட்டிலிருந்து அது தெரியவே இல்லை. எடைக்கட்டி (குழாய்க்கு ஈடாக மறுபக்கம் இருக்கும் எடை) வேறு முக்காலியின் காலில் போய் இடிக்கிறது. மவுண்டில் கோளாறா, என்னிடம் கோளாறா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

இரண்டிலும் இல்லை. அந்த மவுண்ட் ஐரோப்பா, அமெரிக்கா போன்ற உயர்ந்த அட்சரேகை ஊர்களை மனதில் வைத்துச் செய்தது. துருவ நட்சத்திரம் அங்கே நாற்பது ஐம்பது டிகிரி உயரத்தில் நிற்கும். கிருஷ்ணகிரியில் பன்னிரண்டரை டிகிரிதான், கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டியைவிடக் கொஞ்சம் கூட. எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க், மாமரம், கோட்டை மலை, கல் குவாரித் தூசு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும் அதை மறைக்க.

அதனால் நட்சத்திரத்தை விட்டுவிட்டுத் தரையில் வடக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை செய்தால் வருஷக்கணக்குக்கு ஆகும். நேராக ஒரு குச்சியை நட்டு, காலை பத்து மணிக்கு அதன் நிழல் நுனியில் புள்ளி வைத்து, குச்சியை மையமாக வைத்து அந்த நிழல் நீளத்துக்குக் கயிற்றால் வட்டம் போடுங்கள். மதியத்துக்குமேல் நிழல் மறுபடி வட்டத்தைத் தொடுகிற இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுப்புள்ளியையும் குச்சியையும் சேர்த்த கோடுதான் மெய்யான வடக்கு தெற்கு. அதைப் பெயிண்டால் வரைந்துவிடுங்கள். செல்போன் காம்பஸும் உதவும், இந்தப் பக்கம் காந்த வடக்கு விலகுவது இரண்டு டிகிரிக்குள்தான், ஆனால் இரும்பு மவுண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சொல்வதை நம்பாதீர்கள். உயரக் கோணத்தைப் போனில் உள்ள லெவல் ஆப்பை அச்சுமேல் வைத்து அளந்தால் சரி. கண்ணால் பார்க்க இந்தத் துல்லியம் தாராளம்.

இடிக்கிற விஷயம். குறிப்பேட்டில் ஒரு காலை வடக்கே வைக்கச் சொல்லியிருப்பார்கள். நாம் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: ஒரு கால் தெற்கே, இரண்டு கால்கள் வடக்கே. அச்சு ஏறக்குறைய படுத்த நிலையில் இருப்பதால் எடைக்கட்டி வடக்குப் பக்கம் தாழ்வாகச் சுற்றும், இரண்டு கால்களுக்கு இடையில் அதற்கு வழி கிடைத்துவிடும். சில மவுண்டுகளில் கோண அளவே இருபது டிகிரிக்குக் கீழே இறங்காது. அப்போது தெற்குக் காலுக்குக் கீழே ஒரு செங்கல்லைக் கொடுங்கள். கால்களின் விரிவு எழுபது செ.மீ. என்றால் பத்து செ.மீ. உயர்த்தினால் எட்டு டிகிரி சாயும், கணக்கு சரியாக வந்துவிடும். சாய்த்தபிறகு முன்னால் கவிழாமல் இருக்க அந்தத் தெற்குக் காலில் ஒரு மணல் மூட்டையைக் கட்ட மறக்காதீர்கள்.

தலைக்கு நேர் மேலே திருப்பினால் குழாயின் பின்பக்கம் ஸ்டாண்டில் முட்டுகிறது, கழுத்தும் வலிக்கிறது. – ஒரு வாசகர், தர்மபுரி

நம் ஊர் அமைப்பு நமக்குக் கொடுத்த நன்மையின் மறுபக்கம் இது. கோள்கள் தென்வடலாக ஏறக்குறைய 23 டிகிரிக்குள்தான் ஊசலாடுகின்றன, ஆகவே தர்மபுரியில் எந்தக் கோளும் உச்சிக்கு வரும் நேரத்தில் 50 டிகிரிக்குக் கீழே நிற்பதில்லை. லண்டனில் இருப்பவர் சில வருடங்களில் சனியைப் புகைக்கூண்டுகளுக்கு மேலே தேடிக்கொண்டிருப்பார். உயரத்தில் பார்க்கும்போது இடையில் இருக்கும் காற்று குறைவு, படம் தெளிவு. சனியின் வளையம் 2025 மார்ச்சில் பக்கவாட்டில் திரும்பி மெல்லிய கோடாகிவிட்டது, இனி 2032 வரை வருடத்துக்கு வருடம் விரிந்துகொண்டே போகும், அதனால் இப்போது தொடங்குகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தொண்ணூறு டிகிரி டயகனல் (பார்வையைச் செங்குத்தாகத் திருப்பும் கண்ணாடிப் பாகம்) ஒன்று வாங்குங்கள், குனிந்து பார்க்கலாம். இல்லாவிட்டால் உச்சியைத் தாண்ட ஒரு மணி நேரம் பொறுங்கள், வானம் மணிக்குப் பதினைந்து டிகிரி நகர்ந்துவிடும்.

ஓசூரில் தெரு விளக்கும் கம்பெனி வெளிச்சமும் சேர்ந்து வானமே வெளுத்துக் கிடக்கிறது. அஞ்செட்டி காட்டுப் பக்கம் இரவில் போய்ப் பார்க்கலாமா? – ஒரு வாசகர், ஓசூர்

தயவுசெய்து காட்டுச் சாலையோரத்தில் இரவில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி முழுக்க யானை நடமாடும் வழி. வானத்தைப் பார்த்துக்கொண்டு, சிவப்பு டார்ச் மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு யானை வருவது தெரியாது. வனத்துறை அனுமதிக்காத இடத்தில் நிற்பதும் சட்டப்படி தவறு. அரூர், பென்னாகரம் பக்கம் உறவினர் தோட்டம் யாருக்காவது இருந்தால் அதைக் கேளுங்கள், வீட்டு விளக்கை அணைத்துவிட்டு மோட்டார் கொட்டகை பக்கம் உட்கார்ந்தால் போதும்.

அதற்காக ஓசூரில் ஒன்றும் முடியாது என்று நினைக்காதீர்கள். நிலாவுக்கும் கோள்களுக்கும் இரட்டை நட்சத்திரங்களுக்கும் நகர வெளிச்சம் ஒரு பொருட்டில்லை. கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்கிறார்களே, அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வசிஷ்டரைச் சின்ன டெலஸ்கோப்பில் பாருங்கள்: அருந்ததி தனியாகத் தள்ளி நிற்க, வசிஷ்டரே ஒட்டிய இரண்டு புள்ளிகளாகப் பிரிந்து தெரிவார். பெங்களூரு வெளிச்சம் வடக்கே இருப்பதால் உங்களுக்குத் தெற்கு வானம்தான் சொத்து. மே மாதம் இரவு ஒன்பது பத்து மணிக்கு, கோடை மழை பெய்து தூசு அடங்கிய நாளாகப் பார்த்து, தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் பைனாகுலரை ஓட்டுங்கள். பஞ்சுருண்டை மாதிரி ஒன்று சிக்கும். ஒமேகா சென்டாரி, சுமார் பதினேழாயிரம் ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி அளவுக்கு நட்சத்திரங்கள் அடைந்து கிடக்கும் கூட்டம். லண்டனிலிருந்து அது தெரியவே தெரியாது.

பள்ளியில் பிள்ளைகளுக்குச் சூரியப் புள்ளிகளைக் காட்ட ஆசை. டெலஸ்கோப்போடு 'சன்' என்று எழுதிய சின்ன கறுப்புக் கண்ணாடி வந்திருக்கிறது. போதுமா? – ஓர் ஆசிரியை, அரூர்

அதை இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள், பீரோவில்கூட வைக்காதீர்கள். ஐபீஸில் திருகுகிற அந்தக் கண்ணாடிமேல் குவிந்த வெயில் முழுசாக விழும், சூட்டில் விரிசல் விடும், அந்த நொடியில் கண்ணை வைத்திருக்கும் பிள்ளைக்குப் பார்வை போய்விடும். வலியே தெரியாது என்பது இதில் இன்னும் கொடுமை. சூரிய வடிகட்டி குழாயின் வாயில், வெளிச்சம் நுழையும் முன்பக்கத்தில், காற்றுக்குக் கழன்றுவிடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும். பைண்டரை (குறி பார்க்க உதவும் சின்னக் குழாயை) கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் எடுக்க ஆசை, நட்சத்திரத்தைத் தொடர்ந்து போகும் மோட்டார் மவுண்ட் வாங்க வசதி இல்லை. – ஒரு கல்லூரி மாணவர், பென்னாகரம்

நீங்களே செய்யலாம், தம்பி. ஸ்காட்லாந்தின் ஹெய்க் என்பவர் 1970-களில் பிரபலப்படுத்திய வடிவம். இரண்டு பலகை, ஒரு கதவுக் கீல், ஒரு திருகு; திருகத் திருக மேல்பலகை வானத்தின் வேகத்திலேயே மெல்லத் தூக்கும். எம்6 திருகு ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. ஏறும். வானம் ஒரு சுற்றுச் சுற்ற 1436 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் திருகினால், கீலின் அச்சுக்கும் திருகுக்கும் இடையே 228.5 மி.மீ. இருக்க வேண்டும், இந்த ஒரு அளவில் மட்டும் தச்சரிடம் கறாராக இருங்கள். கீலின் அச்சு வடக்கே பார்த்து 12 டிகிரி தூக்கலாக நிற்கட்டும், வடக்கு நோக்கி நின்றால் கீல் உங்கள் இடது கைப்பக்கம், திருகு வலப்பக்கம், மேல்பலகைமேல் கேமரா. கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே கையால் திருகலாம். சும்மா முக்காலியில் வைத்தால் 50 மி.மீ. லென்ஸுக்குப் பத்து விநாடிக்குமேல் நட்சத்திரம் கோடாக இழுபடும். இதில் சில நிமிடம் வரை புள்ளியாகவே நிற்கும். கட்டாயம் செய்து பாருங்கள், பென்னாகரம் வானத்தில் பால்வீதி அள்ளிக் கொடுக்கும்.

காவலூர் வானாய்வகம் பக்கம்தானே, போய்ப் பார்க்கலாமா? – ஒரு வாசகி, ஊத்தங்கரை

அவசியம். ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டம். 1986-இல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததையும் காவலூரில் பதிவு செய்தார்கள், அந்த மறைப்பை வைத்துத்தான் அதற்கு வளையம் இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. பொதுமக்களை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பஞ்சாங்கத்தில் வரும் 27 நட்சத்திரங்களை டெலஸ்கோப்பில் பார்க்க முடியுமா? – ஒரு வாசகர், காரிமங்கலம்

முடியும், சிலவற்றுக்கு டெலஸ்கோப்பே வேண்டாம். பஞ்சாங்கத்தில் இன்று ரோகிணி என்றிருந்தால் நிலா அந்தப் பக்கம் நிற்கிறது என்று அர்த்தம், அதையே வழிகாட்டியாக வைத்துத் தேடுங்கள். தை, மாசி இரவுகளில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றையும் உச்சியை ஒட்டியே பார்த்துவிடலாம். கார்த்திகையைக் குறைந்த பெருக்கத்தில் பாருங்கள், கண்ணுக்கு ஆறு தெரிவது ஐம்பதுக்கு மேல் ஆகும். பூசத்துக்குப் பக்கத்தில் ஒரு தேன்கூட்டுக் கொத்து, மூலத்தின் வால் பக்கம் இன்னும் இரண்டு கொத்து, இவை பைனாகுலருக்கே வரும். கேட்டையும் திருவாதிரையும் சிவப்பு. சித்திரையின் நீல வெள்ளையோடு ஒப்பிட்டால் நிறம் பளிச்சென்று புரியும்.

மார்கழிப் பனியில் லென்ஸ் ஈரமாகிவிடுகிறது. துடைக்கலாமா? – ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

துடைக்காதீர்கள், பனியோடு தூசும் சேர்ந்து பூச்சைக் கீறிவிடும். கறுப்புச் சார்ட் பேப்பரைக் குழாய் வாயில் ஒரு சாண் நீளத்துக்குச் சுருட்டி மாட்டினால் பனி இறங்குவது வெகுவாகக் குறையும். அப்படியும் ஈரமானால் உள்ளே கொண்டுவந்து மூடாமல் காயவிட்டு, நன்றாக உலர்ந்தபிறகு மூடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் ஒரே பருவத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஐபீஸ்களை மூடி இறுக்கமான டிபன் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள், மழைக்காலத்தில் பொட்டலத்தை மாதம் ஒரு முறை மாற்றினால் போதும்.